மலையிலிருந்து இறங்கிய கண்கள்

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகிற பாதையில், கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையையும் விட்டுச் சற்றுத் தூரம் போனால் மலை ஏற்றம் ஆரம்பமாகிறது. ஞாயிற்றுக்கிழமைக் காலை வேளையில் அங்கே ஏதாவது ஒரு வளைவில் ஓரமாக நின்று பாருங்கள். நல்ல வேடிக்கை காணலாம். மேலே ஏறுகிற கார்களிலும் வேன்களிலும் கீழ்நாட்டுக்காரர்கள் புளியோதரைப் பொட்டலமும் கறுப்புக் கண்ணாடியும் செல்போனுமாக அருவி பார்க்கப் போகிறார்கள். கீழே இறங்குகிற பஸ்ஸில் மலைவாசிகள் மடியில் மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாகப் பட்டணத்துக்குப் போகிறார்கள். வளைவில் ஒரு கணம் இரண்டு ஜன்னல்களும் எதிரெதிரே வருகின்றன. 'அங்கே என்ன கொட்டிக் கிடக்கிறதென்று இவர்கள் போகிறார்கள்?' என்று இந்த ஜன்னல் நினைக்கிறது. அந்த ஜன்னலும் அதையேதான் நினைக்கிறது!

மேலே ஏறுகிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். பெரியார் நீர்வீழ்ச்சி, மேகம் அருவி, கரியாலூர்ப் படகுத் துறை, வெள்ளிமலை என்று எழுதியும் ஆயிற்று. படம் போட்டும் ஆயிற்று. கீழே இறங்குகிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? அதை யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. ஆகவே நேயர்களே, இந்தப் பிரயாணக் கட்டுரை கொஞ்சம் தலைகீழாக நடக்கும். மலையிலிருந்து பட்டணத்துக்கு!

எந்தப் பட்டணம் என்று கேட்கிறீர்களா? கள்ளக்குறிச்சிதான். சென்னைவாசிகள் சிரிக்கலாம். ஆனால் பட்டணம் என்பது அவரவர் நிற்கிற இடத்தைப் பொறுத்த சமாசாரம். முழங்கால் கடுக்க நடந்து தார் ரோட்டைத் தொடுகிறவர்களுக்கு, வரிசையாகக் கடைகளும் விளக்குகளும் உள்ள ஊர் எதுவானாலும் அது பட்டணமே.

ஊரும் மலையும்

கள்ளக்குறிச்சி நெடுங்காலம் தென்னாற்காடு ஜில்லாவில் இருந்தது. 1993-ம் வருஷம் அந்த ஜில்லா பிரிந்தபோது விழுப்புரத்தோடு சேர்ந்தது. 2019-ம் வருஷம் நவம்பர் 26-ந் தேதி தானே ஒரு மாவட்டத் தலைநகராகிவிட்டது. தமிழ்நாட்டின் 34-வது மாவட்டம். சுற்றிலும் நெல்லும் கரும்பும். மார்கழி மாதம் கச்சிராயபாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைப் பக்கம் போனால் கரும்பு வண்டிகளின் வரிசையும் பாகு வாசனையும் நம்மை எதிர்கொண்டு அழைக்கும்.

ஊருக்கு மேற்கே நீலக் கோடு போட்ட மாதிரி நிற்பதுதான் கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்தது. சுமார் 1,095 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டு பகுதிகளாகச் சொல்வார்கள். மலையின் ஒரு பகுதி கள்ளக்குறிச்சிக்கு, இன்னொரு பகுதி சேலத்துக்கு. கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்கு வெள்ளிமலைதான் தாலுகாத் தலைநகர். கோமுகி ஆறு இந்த மலையில் பிறந்து, மணிமுத்தாற்றோடு கலந்து, வெள்ளாற்றில் சேர்ந்து, பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது.

மலையில் வாழ்கிறவர்களுக்கு 'மலையாளிகள்' என்று பெயர். கேரளத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மலையை ஆள்கிறவர்கள், அதாவது மலைவாசிகள் என்று பொருள். பேசுவது தமிழ்தான். இவர்களைப் பற்றி ஒரு சுவையான வரலாறு உண்டு. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று இவர்கள் பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள். சென்னை மியூசியத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர் 1909-ல் வெளியிட்ட தம் பெரிய நூலில் இந்தக் கதையைக் குறித்து வைத்திருக்கிறார். காஞ்சியை விட்டுப் புறப்பட்ட மூன்று சகோதரர்களில் மூத்தவர் சேர்வராயன் மலைக்கும், நடுவர் கொல்லிமலைக்கும், இளையவர் பச்சை மலைக்கும் போய்க் குடியேறினார்களாம்.

இது சரித்திரமா, கற்பனையா என்று ஆராய நான் வரவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். காஞ்சியைவிடப் பெரிய பட்டணம் அந்தக் காலத்தில் ஏது? பட்டணத்தை விட்டு மலை ஏறியவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று மலையை விட்டுப் பட்டணத்துக்கு இறங்குகிறார்கள்!

பின்கட்டுக்கு வந்த குடும்பம்

நான் மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றிலிருந்து உத்தியோகத்துக்காகக் கள்ளக்குறிச்சிக்கு வந்து 30 வருஷம் ஆகிறது. எங்கள் வீட்டுப் பின்கட்டுக்குச் சில வருஷங்களுக்கு முன்பு ஒரு மலைக் குடும்பம் குடி வந்தது. கணவர் கட்டட வேலைக்குப் போகிறார். மனைவி ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறாள். ஒரே பெண், ஒன்பதாம் வகுப்பு. கெட்டிக்காரி. ஆனால், "எந்த ஊர் அம்மா?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு, "இந்தப் பக்கந்தான்" என்பாள். பள்ளிக்கூடத்தில் யாரோ 'மலைக்காரி' என்று கேலி செய்ததாக அவள் தாயார் எங்கள் வீட்டில் சொல்லி வருத்தப்பட்டாள்.

பிறகு அந்தப் பெண்ணின் ஆயா வந்து சேர்ந்தாள். எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றுதான் அழைப்போம். இரண்டு கண்ணிலும் புரை. பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு வர, படி எங்கே, வாசல் எங்கே என்று காலால் தடவிக்கொண்டு வந்தாள்.

"எத்தனை வருஷமா இப்படி, ஆயா?" என்றேன்.

"அது ஆச்சு, நாலு அஞ்சு சாமை அறுப்பு" என்றாள்.

கண் தெரியாமல் போனதைக்கூட அறுவடைக் கணக்கில் சொன்னாள். ஏன் முன்பே வரவில்லை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. காரணம் எனக்குத் தெரியும். அவர்கள் குடிசையிலிருந்து ரோட்டுக்கு வருவதே அரை நாள் வேலை. கூட வருகிறவருக்கு இரண்டு நாள் கூலி போய்விடும். 'கிழவிக்கு இனி எதைப் பார்க்க வேண்டியிருக்கிறது?' என்று அவளே சொல்லித் தள்ளிப் போட்டிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் ஆயிற்று. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மறுநாள் கட்டை அவிழ்த்துக் கறுப்புக் கண்ணாடி போட்டு அனுப்பிவிட்டார்கள். அன்று முதல் சுமார் ஒரு மாத காலம், எங்கள் ஊரில் நான் 30 வருஷமாகப் பார்க்காதவற்றை அந்த ஆயா பார்த்தாள்.

ஆயா கண்ட அதிசயங்கள்

முதல் அதிசயம், குழாய். பின்கட்டில் விடியற்காலையில் தண்ணீர் வரும். முதலில் குழாய் இரண்டு முறை இருமும். பிறகு காற்றாகச் சீறும். அப்புறம் தண்ணீர் கொட்டும். நாங்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டால், 'ஐயோ, குடம் காலியாக இல்லையே' என்று எரிச்சலோடு எழுந்திருப்போம். ஆயா அதன் முன்னால் உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டி வைத்துக்கொண்டு பார்ப்பாள்.

"நாங்க சுனையைத் தேடிப் போவோம். இங்கே சுனை வீட்டைத் தேடி வருது!" என்றாள்.

அடுத்தது பஸ் ஸ்டாண்டு. மறு பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அங்கே அரை மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. சேலம், விருத்தாசலம், திருவண்ணாமலை, சங்கராபுரம், சென்னை என்று பஸ்கள் வந்து வந்து போய்க்கொண்டிருந்தன. ஆயா வெகுநேரம் பார்த்துவிட்டு, "இத்தனை பேரும் எங்கே போறாங்க?" என்று கேட்டாள்.

"அவங்கவங்க ஊருக்குத்தான், ஆயா."

"அப்போ, இந்த ஊர்க்காரங்க யாரு?"

நான் திகைத்துப் போனேன். அந்த வரிசையில் நின்ற எல்லாருக்கும் வேறு எங்கேயோ ஒரு சொந்த ஊர் இருந்தது. எனக்கும் இருந்தது! 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் நகரங்களில் வாழ்கிறவர்கள் 100-க்கு 48 பேருக்கு மேல் என்று கண்டார்கள். அவர்களில் எத்தனை பேர் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் மூட்டை கட்டுகிறார்கள் என்று எந்தப் பண்டிகைக்கு முந்தின இரவிலும் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் போதும். வந்தவர்கள் சேர்ந்துதான் பட்டணம் ஆகிறது. இதைக் கண்டுபிடிக்க ஆயாவுக்கு அரை மணி நேரம் போதுமாயிருந்தது.

மூன்றாவது அதிசயம் எங்கள் வீட்டுச் சமையலறையில் நடந்தது. ஆவணி அவிட்டத்தன்று ஜவ்வரிசிப் பாயசம் வைத்து ஒரு டம்ளர் பின்கட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். ஆயா டம்ளரை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்துக்கொண்டே வந்து, "இது என்ன தானியம், இப்படிக் கண்ணாடி மணி மாதிரி இருக்கு?" என்று கேட்டாள்.

"தானியம் இல்லை, ஆயா. நீங்க போடுற மரவள்ளிக் கிழங்குதான்."

ஆயா நம்பவில்லை. ஆயுசு முழுவதும் மரவள்ளி பயிரிட்டவள். கிழங்கு லாரியில் ஏறுகிற வரையில் அவளுக்குத் தெரியும். லாரி வளைவில் திரும்பிய பிறகு அது என்ன ஆகிறதென்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

ஆகவே விளக்கிச் சொன்னேன். அந்தக் காலத்தில் ஜவ்வரிசி கப்பலில் வந்தது. இரண்டாவது உலக யுத்தம் மூண்டு 1940-களில் கப்பல் வரத்து நின்றபோது, சேலத்துக்காரர்கள் மரவள்ளி மாவில் ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். சேலம், ஆத்தூர், சின்னசேலம் வட்டாரத்து ஆலைகளில் கிழங்கைக் கழுவித் தோல் சீவி அரைப்பார்கள். பாலை வடிகட்டித் தொட்டியில் தேக்கினால் மாவு அடியில் படியும். ஈர மாவைத் துணியில் போட்டுக் குலுக்கினால் அது உருண்டு திரண்டு முத்து முத்தாகும். பிறகு வறுத்துச் சிமெண்டுக் களத்தில் காய வைப்பார்கள். வெயிலில் அந்தக் களத்தைப் பார்த்தால் வானத்து நட்சத்திரங்களை வாரிக் கொட்டினாற்போல் இருக்கும்.

ஆயா பாயசத்தை மெதுவாகக் குடித்து முடித்தாள். "மண்ணுக்குள்ளே கறுப்பாக் கிடந்தது. பட்டணத்துக்கு வந்து வெள்ளையாயிடுச்சு" என்றாள். பேத்தி சிரித்துவிட்டாள். அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

நான்காவது, மரச் சிற்பம். கள்ளக்குறிச்சிக்குப் புகழ் தருகிற தொழில் இது. இங்கே செய்கிற மரச் சிற்பங்களுக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சுவாமி உருவங்கள், கோயில் வாகனங்கள், கதவு வேலைகள் எல்லாம் இங்கிருந்து பல ஊர்களுக்குப் போகின்றன. ஒரு பட்டறைக்கு ஆயாவை அழைத்துப் போனேன். பாதி செதுக்கிய பிள்ளையார் ஒருவர் படுத்திருந்தார். தும்பிக்கை வந்துவிட்டது, வயிறு இன்னும் மரத்துக்குள்ளேயே இருந்தது! ஆயா பிள்ளையாரைக் கவனிக்கவில்லை. பக்கத்தில் கிடந்த கட்டையைக் கையால் தடவி, சீவலை எடுத்து முகர்ந்து, "வாகை" என்றாள்.

சிற்பி உளியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "எப்படிச் சொன்னீங்க, அம்மா?"

"கண்ணு தெரியாதப்போ இப்படித்தானே எல்லாத்தையும் பார்த்தேன்" என்றாள் ஆயா. பிறகு பிள்ளையார் பக்கம் திரும்பி, "காஞ்சு விழுந்த வாகையை எத்தனை தடவை அடுப்பிலே வெச்சிருப்பேன்! அதுக்குள்ளே சாமி இருந்திருக்கு பாரு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மொட்டை மாடியில்

எல்லாவற்றையும்விடப் பெரிய அதிசயம் ஊருக்கு வெளியேதான் இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் காயப்போட்ட துணியை எடுக்கப் பேத்தி மொட்டை மாடிக்குப் போனாள். ஆயாவும் மெதுவாகப் படியேறிப் பின்னால் போனாள். மழை பெய்து ஓய்ந்திருந்த நேரம். மேற்கே வானம் மஞ்சள் பூத்திருந்தது. அதன் கீழே ஒரு மடிப்புக்குப் பின்னால் இன்னொரு மடிப்பாக மலை.

"அது எந்த ஊர் மலை?" என்று ஆயா கேட்டாள்.

"நம்ம மலைதான், ஆயா."

ஆயா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். போட்டுக்கொண்டு பார்த்தாள். பிறகு, "நம்ம மலை இவ்வளவு அழகா? அங்கே இருக்கிற வரைக்கும் தெரியலையே! உள்ளே இருந்தா மரந்தான் தெரியுது, மலை தெரியல" என்றாள்.

நேயர்களே, கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்தவர்களைப் பற்றிப் பல பேர் பல விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். வந்தவன் எதையோ இழந்துவிட்டான் என்று ஒரு கட்சி. ஏதோ அடைந்துவிட்டான் என்று ஒரு கட்சி. ஆயாவின் கட்சி இரண்டிலும் சேரவில்லை. பட்டணத்துக் குழாயின் அருமை சுனைக்கு நடந்தவளுக்குத் தெரிந்தது. மலையின் அழகு பட்டணத்து மாடியில் நின்றபோது தெரிந்தது. இரண்டு இடத்தையும் அறிந்த கண்ணுக்குத்தான் இரண்டும் தெரிகின்றன. என்னைப் போல் ஓர் இடத்திலேயே பழகிப் போய்விட்ட கண்ணில் புரை விழுந்துவிடுகிறது. அதற்கு எந்த ஆஸ்பத்திரியிலும் ஆபரேஷன் இல்லை. இப்படி ஓர் ஆயா வந்தால்தான் உண்டு.

அதற்கு அடுத்த வாரம் அந்தப் பெண்ணின் பள்ளிக்கூடத் தோழிகள் மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். மாடியில் பேச்சுச் சத்தம் கேட்டது. "அதோ, இரண்டாவது மடிப்பு தெரியுது பார், அதுக்குப் பின்னாலேதான் எங்க ஊர்" என்று ஒரு குரல் கணீரென்று சொல்லிக்கொண்டிருந்தது. யார் குரல் என்று நான் எழுத வேண்டியதில்லை.

அழகு மட்டும் போதுமா?

இதைப் படித்துவிட்டு, 'ஆகா, மலை வாழ்க்கை எவ்வளவு இனிமை!' என்று யாராவது பெருமூச்சு விட்டால் ஆயா கோபித்துக்கொள்வாள். நான்கைந்து சாமை அறுப்புக் காலம் அவள் இருட்டில் இருந்தாள். அரை மணி நேரத்தில் நீங்கக்கூடிய இருட்டு அது.

கல்வராயன் மலைக்கு எல்லாமே தாமதமாகத்தான் வந்தது. தேசம் 1947-ல் சுதந்தரம் அடைந்தது. ஆனால் இந்த மலை பரம்பரை ஜாகீர்தார்கள் மூவரின் பிடியில் இருந்து, 1976-ல்தான் அரசாங்கத்தின் நேர் நிர்வாகத்துக்கு வந்தது. ஏறக்குறைய ஒரு தலைமுறைக் காலம்! கள்ளக்குறிச்சியை அடுத்த சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதே 2022-ம் வருஷம் ஜனவரியில். அதற்கு முன்பு பெரிய வைத்தியம் என்றால் சேலத்துக்கோ, விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்துக்கோ ஓட வேண்டும்.

2024-ம் வருஷம் ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. தேசமெங்கும் பத்திரிகைகளில் எங்கள் ஊர்ப் பெயர் அடிபட்டது. அந்தத் துயரம் மறக்கக்கூடியதல்ல; மறக்கவும் கூடாது. அதே வருஷத்தில் சென்னை உயர் நீதிமன்றம், கல்வராயன் மலைவாசிகளின் நிலையைத் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி ஆகியவை எந்த அளவில் இருக்கின்றன என்று கேள்விகள் எழுந்தன. அந்தக் கேள்விகளுக்குச் சரியான பதில் கிடைக்கிற அன்று, கண் புரைக்காக ஐந்து வருஷம் காத்திருக்கும் கதை பழங்கதையாகிவிடும். மலையிலிருந்து இறங்குகிறவர்கள் வேறு வழி இல்லாமல் இறங்காமல், ஆசைப்பட்டு இறங்குவார்கள். வேண்டும்போது திரும்பியும் போவார்கள்.

ஆயா திரும்பிப் போய்விட்டாள். இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாமே என்று எல்லாரும் சொன்னோம். "சாமை அறுப்பு வந்துட்டது. இந்த வருஷம் கதிரைக் கண்ணாலே பார்த்து அறுக்கலாம்" என்று சொல்லிவிட்டாள். இன்னொரு கண்ணின் ஆபரேஷனுக்கு அறுப்பு முடிந்து வருவதாக டாக்டரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

கல்வராயன் மலைக்குப் போக விரும்புகிறவர்கள் மழைக்காலம் ஓய்ந்ததும் போகலாம். அருவிகளில் தண்ணீர் இருக்கும். சேலம் மார்க்கமாக ரயிலில் வருகிறவர்களுக்குச் சின்னசேலம் ஸ்டேஷன் சௌகரியம். பெரியார் நீர்வீழ்ச்சி பாதையை ஒட்டியே இருக்கிறது. மேகம் அருவிக்கு நடக்க வேண்டும். வழுக்குப் பாறையில் வீரம் காட்ட வேண்டாம். பிளாஸ்டிக் பைகளையும் பாட்டில்களையும் கொண்டுபோனவர்களே திருப்பிக் கொண்டுவந்துவிட வேண்டும்.

ஒரே நாளில் திரும்புவதாயிருந்தாலும் கள்ளக்குறிச்சியில் ஒரு மணி நேரம் ஒதுக்கி மரச் சிற்பப் பட்டறை ஒன்றைப் பாருங்கள். மலையில் வழியோரம் சாமையும் தினையும் கடுக்காயும் தேனும் வைத்துக்கொண்டு யாராவது உட்கார்ந்திருந்தால் கொஞ்சம் வாங்குங்கள். அங்கே பேரம் மட்டும் பேசாதீர்கள். பேரம் பேசியே தீர வேண்டும் என்று தோன்றினால் கீழே இறங்கி வந்து பட்டணத்துக் கடையில் பேசிக்கொள்ளலாம். அங்கே நம்மிடம் ஏமாறுகிறவர்கள் யாரும் இல்லை!